வெளியே போக வேண்டிய புகார்

என் வீட்டுக்காரி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அவள் தலைக்குக் குளிக்கும் அழகைப் பார்த்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். குளியலறைக் கதவைச் சாத்தவே மாட்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சொட்டுப் படாமல், பின்கழுத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவாள். ஒத்தாசைக்கு நான் போய்த் தலையில் கை வைத்தால் வெடுக்கென்று தட்டிவிடுவாள். குளத்தில் தானாகக் குதித்தால் அவளை விட்டால் ஆள் கிடையாது. இன்னொருவர் கை அவள் தலைமேல் படக் கூடாது, அவ்வளவுதான். நான் இதை வைத்து அவளைக் கேலி செய்யாத நாளில்லை. அவளும் சிரித்துக்கொள்வாள்.

நானும் அதே நீச்சல்குளத்தில்தான் வேலை. அவள் மேலே, நான் கீழே. தரைக்கு அடியில் இருக்கும் பம்ப் ரூமில் மோட்டார், வடிகட்டி, குளோரின் எல்லாம் என் பொறுப்பு. அவள் விசில் சத்தம் குழாய் வழியாகக் கீழே வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் அவளை ‘விசில் மிஸ்’ என்று கூப்பிடுவார்கள். சத்தம் கேட்டால் வீட்டுக்காரி நல்ல மனநிலையில் இருக்கிறாளா, வீட்டுக்குப் போனால் எனக்கு மண்டகப்படி உண்டா என்று என்னால் சொல்லிவிட முடியும்.

அவளை நீச்சலுக்குக் கொண்டுவந்தவர் அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை, இவள் அப்படிக் கூப்பிட்டுப் பழகியது. இன்றைக்கு நீச்சல் சங்கத்துக்குத் தலைவர். அன்றைக்கு எங்கள் குளத்தில் சாதாரணப் பயிற்சியாளர். இவள் அப்பா இல்லாத பெண். அம்மா வீட்டு வேலைக்குப் போன இடத்திலெல்லாம் பின்னாலேயே போய் வாசலில் உட்கார்ந்திருந்தவள். அண்ணன்தான் அவளைக் கூட்டிவந்து, உடுப்பு வாங்கிக்கொடுத்து, பழக்கி, போட்டிகளுக்கு அனுப்பி, கடைசியில் வேலையும் போட்டுக்கொடுத்தார். எங்கள் கல்யாணத்தில் பெண் வீட்டுச் சார்பில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அன்றிலிருந்து என்னை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் என்ன சொன்னாலும் இவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நான் நல்லது சொன்னால் காதில் ஏறாது. அதையே அண்ணன் சொன்னால் உச்சி குளிர்ந்துவிடும்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பயிற்சியாளர் மேல் பெற்றோர் புகார் சொன்னால், மாடி அறையில் உட்காரவைத்துப் பேசுவார்கள். ‘இது நம்ம வீட்டு விஷயம், வெளியில போக வேண்டாம்’ என்பார் அண்ணன். அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி, வாசல்வரை கூடவே வந்து அனுப்பிவைப்பார். பிறகு அந்தப் பயிற்சியாளருக்கு வேறொரு குளத்துக்கு மாற்றல். போகும்போது டீ பார்ட்டி, சேரும் இடத்தில் இன்னொரு டீ பார்ட்டி. வாட்ச் மாஸ்டர் எங்கள் குளத்துக்கு வந்ததும் அப்படித்தான். ஸ்டாப் வாட்ச்சைக் கையிலிருந்து இறக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். அவரிடம் பழகிய பிள்ளைகள் மெடலோடு வருவார்கள் என்று பேச்சு. அவரை வரவேற்க பிஸ்கட் தட்டை நீட்டியது என் வீட்டுக்காரிதான்.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் குழந்தைகளைக் கொடுமையிலிருந்தும் கவனிப்பாரற்றுப் போவதிலிருந்தும் காப்பாற்ற நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை எழுத முடிவு செய்தது. பள்ளிக்கூடம், விடுதி, ஆஸ்பத்திரி, விளையாட்டு என்று தனித்தனியாக ஆட்களைக் கூப்பிட்டார்கள். விளையாட்டுக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி எங்கள் சங்கத்துக்கும் அழைப்பு வந்தது. அண்ணன் யோசிக்கவே இல்லை. பொம்பளை, தைரியமாகப் பேசுவாள், பிள்ளைகளுக்குப் பிடித்தவள், நம்ம ஆள் என்று இவளை அனுப்பிவைத்தார். அந்தக் கடைசி வார்த்தையின் எடை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அவள் ரயிலேறித் தலைநகருக்குப் போய்வர ஆரம்பித்தாள். முதல் கூட்டத்துக்குப் போனபோது ஏ.சி. குளிரில் கைகால் விறைத்துப்போய் வாயே திறக்கவில்லையாம். இரண்டாவது கூட்டத்தில் வாயைத் திறந்தாள், திறந்து மாட்டிக்கொண்டாள். கண்டிப்பு எது, கொடுமை எது என்று பேச்சு வந்திருக்கிறது. இவள் சிரித்துக்கொண்டே, ‘கண்டிப்பு இல்லாம பிள்ளைங்க வராதுங்க. என்னை எங்க அண்ணன் எப்படிப் பழக்கினாரு தெரியுமா? நேரம் குறைஞ்சா தலையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அழுத்திடுவாரு. கையைக் காலை உதைச்சா இன்னும் அழுத்துவாரு. அப்படித்தான் எனக்கு மூச்சு பிடிக்கவே வந்துச்சு’ என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் குளத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். பயிற்சியாளர்கள் தங்களுக்குள் இந்த மாதிரிக் கதையைத்தான் போட்டி போட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

கொள்கை எழுதும் குழுவை நடத்திய அதிகாரியை இவள் செயலாளரம்மா என்பாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: ‘அப்ப உங்களுக்கு என்ன வயசும்மா?’ பத்து இருக்கும் என்றிருக்கிறாள்.  இடைவேளையில் அந்த அம்மா இவள் பக்கத்தில் வந்து நின்று, ‘அதுக்குப் பேரு பயிற்சி இல்லம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் செயலாளரம்மா மேல்தான். ‘அந்தம்மாவுக்குத் தண்ணியும் தெரியாது, விளையாட்டும் தெரியாது’ என்றாள். அந்த வாரம் முழுக்க என் மேல் எரிந்து விழுந்தாள்.

அவள் மனத்தைத் திருப்பியது எந்த அதிகாரியும் இல்லை. தவளை என்ற சின்னப் பெண். மார்பு நீச்சலில் அந்தப் பிள்ளையை அடிக்க ஆள் கிடையாது, அதனால் இவளே வைத்த செல்லப்பெயர். இவளிடம் பழகிக்கொண்டிருந்தவளை, மெடல் வாங்கும் பிள்ளை என்று வாட்ச் மாஸ்டர் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் தவளை குளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். என்ன ஏது என்று பார்க்க இவள் வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன்.

தவளையின் அம்மா துணிக்கடையில் தையல் மெஷினில் உட்காருபவர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே முடியவில்லையாம். கதவைச் சாத்தினால் கத்துகிறாளாம். அம்மா தலையில் கை வைத்தால் தட்டிவிடுகிறாளாம். வாட்ச் மாஸ்டர் நேரம் குறைந்த பிள்ளைகளின் தலையைப் பிடித்து அழுத்துகிறார் என்று கேள்விப்பட்டு இந்த அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அது பயிற்சி விஷயம், சங்கத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. கதவோரம் நின்றிருந்த தவளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: ‘கொஞ்சம் பொறுத்துக்கோடா. இப்ப ஒரு கொள்கை எழுதிக்கிட்டிருக்கோம். அது வந்துட்டா புகார் சங்கத்துக்கே போகாது. வெளியில இருக்கிற ஆபீசுக்குப் போகும். உன்னை நானே கூட்டிட்டுப் போறேன்.’

‘மாடி ரூமுக்கு இல்லல்ல?’ என்று கேட்டாள் தவளை.

‘இல்ல. மாடி ரூமுக்கு உன்னை ஒருநாளும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.’

அதன் பிறகு தலைநகருக்குப் போனவள் வேறு ஆள். அவளுக்கு இருந்தது ஒரே கோரிக்கைதான்: விளையாட்டுச் சங்கத்தின் ஆள் மேல் வரும் புகாரை அந்தச் சங்கமே விசாரிக்கக் கூடாது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்தான் விசாரிக்க வேண்டும். மற்ற சங்கத்துக்காரர்கள் முறைத்தார்கள். உங்கள் சங்கத்துக்கே வேட்டு வைக்கிறீர்களே என்றார்கள். இவள் பிடித்த பிடியை விடவில்லை. செயலாளரம்மா கூடவே நின்றார். வரைவில் அந்த வரி ஏறியது. கொடுமைக்கு எடுத்துக்காட்டாகத் தலையைத் தண்ணீருக்குள் அழுத்துவதும் ஏறியது. நடுவில் இங்கே குளத்தில் தன் வகுப்பை வாட்ச் மாஸ்டர் வகுப்பு நேரத்துக்கே மாற்றிக்கொண்டு, அவர் கை எங்கே போகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டதும், அதை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அண்ணன் கண்ணாடி போடச் சோம்பல்பட்டு, நீயே படிம்மா என்றார். இவள் ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்கினாள். நான் சோபா ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் அழுத்துவது என்ற இடம் வந்தபோது, ‘இது யாரு சொன்னது?’ என்று அண்ணன் கேட்டார்.

‘நான்தான் அண்ணா சொன்னேன்,’ என்றாள்.

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அண்ணனும் தன்னைப் போலவே இப்போதுதான் புரிந்துகொள்ளப் போகிறார், புரிந்ததும் வருத்தப்படுவார், அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரியலையேம்மா என்று சொல்லுவார் என்று முழுசாக நம்பிப் போயிருந்தாள். அவர் டீயைக் கடைசிவரை குடித்தார். ‘நல்லா எழுதியிருக்கீங்க. பிள்ளைங்களுக்கு நல்லது,’ என்றார். வாசல்வரை கூடவே வந்தார். வழியெல்லாம் இவள், ‘பாத்தியா, எங்க அண்ணன் எவ்வளவு பெரிய மனசு’ என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வாசல்வரை கூடவே வருவது அவர் யாருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

அடுத்து நடந்த சங்கப் பொதுக்கூட்டத்தில் அண்ணன் மைக்கைப் பிடித்தார். கொள்கை வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும், இன்றைக்கே நமக்கென்று ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு வைப்போம், அதற்கு என் தங்கச்சியை விடப் பொருத்தமான தலைவர் யார் என்று கேட்டார். மண்டபமே கை தட்டியது. வாட்ச் மாஸ்டரும் தட்டினார். பூங்கொத்து கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அண்ணனும் சங்கத்து வக்கீலும் மற்ற இரண்டு உறுப்பினர்கள். அந்தப் போட்டோவை வீட்டில் டி.வி.க்கு மேலே மாட்டச் சொன்னாள். ஆணி அடித்தது நான்தான்.

கொள்கை ஒருவழியாக வெளிவந்தது. டி.வி.யில் மந்திரி பேசினார். மறுநாளே இவள் லீவு போட்டுவிட்டு, தவளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் தவளையின் கையை விடவே இல்லை. அலுவலகம் புதிதாக வெள்ளையடித்த கட்டடம். சுவரில் பலூன் பிடித்த பிள்ளைகளின் படம். அதிகாரி தங்கமான மனுஷன். பிள்ளையை வெளியில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். எந்தச் சங்கம் என்று கேட்டார். சொன்னதும் கம்ப்யூட்டரில் தேடினார்.

‘இதை நாங்க எடுக்க முடியாதும்மா. சொந்தமாப் பாதுகாப்புக் குழு வெச்சிருக்கிற சங்கத்துக்கு விலக்கு இருக்கு. புகார் முதல்ல அந்தக் குழுவுக்குத்தான் போகணும்,’ என்றார். பிறகு திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கொஞ்சம் குழம்பிப்போய்க் கேட்டார்: ‘குழுத் தலைவர்னு உங்க பேருதானே இருக்கு?’

இவள் வெளியே வந்து தாழ்வாரத்திலேயே நின்று செயலாளரம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த விலக்கு கடைசி நேரத்தில் ஏறியதாம். நீச்சல் சங்கத் தலைவர் தலைநகருக்கு வந்து, அமைச்சகத்தில் எல்லோரையும் பார்த்தாராம். உங்கள் கொள்கையை எழுதிய பெண்ணே எங்கள் குழுவை நடத்தும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டாராம். போட்டோவைக் காட்டினாராம். மற்ற சங்கங்களும் அதையே பிடித்துக்கொண்டன. ‘உங்களை நம்பித்தாம்மா நானும் சரின்னேன். உங்ககிட்டக் கேட்டுட்டேன்னு அவர் சொன்னாரே,’ என்றார் செயலாளரம்மா. 

எனக்கு வந்த ஆத்திரத்தில் டி.வி.க்கு மேலே இருந்த போட்டோவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். முதுகில் குத்துவது என்று சொல்வார்களே, இந்த மனுஷன் பூங்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் குத்தியிருக்கிறார். நாடு முழுக்க எத்தனை குளம், எத்தனை மைதானம், அத்தனை பிள்ளைகளுக்கும் வெளியே போகும் கதவை என் பெண்டாட்டி பேரைச் சொல்லியே சாத்திவிட்டார். அவளோ அழவில்லை, திட்டவில்லை. ‘அண்ணன் அப்படிப் பண்ண மாட்டாருங்க. வக்கீல் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பாரு’ என்றாள். எனக்கு அவளையும் சேர்த்து அறையலாம் போலிருந்தது.

வேறு வழியில்லாமல்தான் மாடி அறையில் விசாரணை வைத்தாள். தலைவர் இடத்தில் தான் இருக்கிறோம், அண்ணன் முகத்துக்கு முகம் பிள்ளையைப் பார்த்தால் மனம் இறங்குவார் என்று அவளுக்குள் இன்னும் ஒரு நப்பாசை. தவளையின் அம்மாவிடம் அவள் என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தாளோ தெரியாது. அன்றைக்கு மாடி அறையின் ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணியும் ஸ்பேனருமாக நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். கதவைத் திறந்தேதான் வைத்திருந்தாள். உள்ளே நடந்தது முழுக்கக் கேட்டது.

தவளை தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். வாட்ச் மாஸ்டர் எதையும் மறுக்கவில்லை. மூச்சுப் பயிற்சிங்க, எல்லாப் பிள்ளைக்கும்தான் செய்கிறேன் என்றார். வக்கீல் தலையாட்டினார். அப்போது அண்ணன் இவளைப் பார்த்துத் திரும்பினார். கோபமே இல்லை, வீட்டில் பேசுவது போலத்தான் பேசினார்.

‘ஏம்மா, உன்னையே நான் அப்படித்தானே பழக்கினேன்? நீ என்ன கெட்டா போயிட்ட? இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கியே, அது எப்படி வந்துச்சு? இந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு.’

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் வாய் திறந்தது. ‘அண்ணா…’ என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

தவளைதான் பேசினாள். ‘மிஸ், உங்களுக்கும் பண்ணது இவருதானா?’

‘ஆமாம்டா.’

‘அப்புறம் ஏன் மிஸ் என்னை இவருகிட்டயே கூட்டிட்டு வந்தீங்க?’

தவளையின் அம்மா எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் என்னைத் தாண்டித்தான் போனார்கள். அந்தப் பிள்ளை என்னைத் தெரிந்தது போலவே காட்டிக்கொள்ளவில்லை.

முடிவு இரண்டுக்கு ஒன்று. குற்றம் நிரூபணமாகவில்லை என்று அண்ணனும் வக்கீலும், நிரூபணமாயிற்று என்று இவளும். அன்றைக்கே அவள் குழுவை விட்டு விலகினாள். விலக்கை எடுத்துவிடுங்கள் என்று தலைநகருக்கு எழுதினாள். அதற்குள் அண்ணன் வேறொரு பெண்மணியைத் தலைவராகப் போட்டுவிட்டார். குழு இருக்கும்வரை விலக்கும் இருக்கும் என்று பதில் வந்தது. செயலாளரம்மாவைக்கூட வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். தவளை பிறகு எந்தக் குளத்துக்கும் வரவில்லை. இவள் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போனாள். இரண்டு முறையும் அம்மா மட்டும்தான் வாசலுக்கு வந்தார், பிள்ளை படிக்கிறாள் என்றார்.

வாட்ச் மாஸ்டருக்கு வழக்கம்போல வேறு குளத்துக்கு மாற்றல் வந்தது. டீ பார்ட்டிக்கு முந்தின நாள் அண்ணன் எனக்கே போன் செய்தார். ஒன்றும் நடக்காதது போல, ‘மச்சான், நாளைக்குத் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துடுங்க. மனஸ்தாபம் எல்லாம் குடும்பத்துல வர்றதுதானே?’ என்றார்.

‘இங்க உங்களுக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல,’ என்று சொல்லிப் போனை வைத்தேன். என் வாழ்நாளில் அந்த மனுஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது அதுதான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் குளியலறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கையில் தண்ணீர் மக்கோடு, ஊற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

‘அதை நான் சொல்லியிருக்கணும்ங்க,’ என்றாள். ‘அந்தப் பொண்ணு முன்னாடி.’